பனிக்காலப் பயணத்தில் மோட்டார் ஹோமின் தண்ணீர் அமைப்பைக் காப்பது: முழுமையான வழிகாட்டி

தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. குழாய்கள் வெடிப்பதற்கு இதுவே காரணம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். குழாயின் நடுவில் ஓரிடத்தில் பனிக்கட்டி உருவாகி வளரும்போது, அதற்கும் மூடிய டேப்புக்கும் இடையில் சிக்கிய தண்ணீர் போக வழியின்றி நெருக்கப்படுகிறது. அந்த அழுத்தம் ஏறிக்கொண்டே போய், பனிக்கட்டி இருக்கும் இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளியிருக்கும் வலுவற்ற ஓர் இணைப்பைப் பிளந்துவிடுகிறது. கடுங்குளிர் இரவில் டேப்பைத் திறந்து வைக்க வேண்டும் என்ற அறிவுரையின் அடிப்படை இதுதான்: அழுத்தம் வெளியேற வழி இருந்தால், உறைந்த குழாய்கூடப் பல நேரங்களில் உடையாமல் தப்பிவிடும்.

வீடுபோல் உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டிதான் மோட்டார் ஹோம். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் பெக்ஸ் எனப்படும் நெகிழும் பிளாஸ்டிக் குழாய்களே இருக்கின்றன. அவை ஓரளவு விரிந்து மீளக்கூடியவை. ஆனால் அந்தக் குழாய்களை இணைக்கும் பிளாஸ்டிக் முழங்கைகள், பம்பின் தலைப்பகுதி, வடிகட்டியின் கிண்ணம், கழிப்பறையின் தண்ணீர் வால்வு, ஷவரின் கலவை டேப் ஆகியவற்றுக்கு அந்த நெகிழ்வு இல்லை. முதலில் விரிசல் விடுபவை இவைதாம். இவற்றில் பலவும் பலகைகளுக்குப் பின்னால் மறைந்திருப்பதால், மலிவான ஓர் உதிரிப்பாகத்தை மாற்றுவதற்காகப் பாதி அலமாரியைக் கழற்ற வேண்டிய நிலை வருகிறது.

தண்ணீர் தங்கும் இடங்களை முதலில் கண்டறியுங்கள்

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு, உங்கள் வண்டியில் தண்ணீர் போகும் பாதையை நிரப்பும் வாயிலிருந்து கடைசி டேப் வரை கண்ணால் பின்தொடருங்கள். நன்னீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, தரைக்கு மேலா கீழா? பம்ப் எந்த அலமாரிக்குள் இருக்கிறது? அங்கிருந்து வாட்டர் ஹீட்டருக்குப் போகும் குழாய் வெளிச்சுவரை ஒட்டி ஓடுகிறதா, வண்டியின் உட்பக்கமாக ஓடுகிறதா? வெளிச்சுவரை ஒட்டி, படுக்கைக்கு அடியிலுள்ள மூடிய பெட்டிக்குள் ஓடும் குழாய்தான் மிகவும் ஆபத்தானது. ஏனெனில் அறையின் வெப்பம் அங்கே எட்டுவதில்லை.

எல்லோருக்கும் தெரிந்த டேப்புகளைத் தவிர, தண்ணீர் சத்தமில்லாமல் தங்கிவிடும் வேறு இடங்களும் உண்டு. வெளிப்புற ஷவர், வெளிக்குழாயை நேரடியாக இணைக்கும் வாய், பனிக்கட்டி தயாரிக்கும் வசதியுள்ள குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றைப் பலர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. தரைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் வடிகால் குழாய்களைக் குனிந்து பாருங்கள். விரல் நீளமே இருக்கும் அந்தத் துண்டுகளுக்குள், வால்வு அவற்றின் நுனியில் பொருத்தப்பட்டிருந்தால், அசையாத தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கும். நாலாபுறமும் காற்று படும் இடம் என்பதால் வண்டியிலேயே முதலில் உறைவது பெரும்பாலும் அந்தத் துண்டுதான். அதற்கு நுரைக் காப்புறை போடுவதும், காப்புறையின் அடிவாயையும் அடைப்பதும் சில நிமிட வேலை.

அடுத்து, தொலைவிலிருந்து படிக்கக்கூடிய வயர்லெஸ் வெப்பமானிகள் இரண்டு மூன்றை வாங்குங்கள். பனிக்காலப் பயணத்துக்காக ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஓர் உணரியைக் குழாய் இணைப்புகள் உள்ள வெளிப்பெட்டிக்குள் வையுங்கள். இன்னொன்றைப் பம்புக்கு அருகில் வையுங்கள். மூன்றாவதை நீங்கள் மிகவும் சந்தேகப்படும் மூலையில் வையுங்கள். மிதமான குளிருள்ள இரவுகளில் வெளி வெப்பநிலைக்கும் இந்த இடங்களின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்து வந்தால், உங்கள் வண்டிக்கே உரிய எண் ஒன்று கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக, ஹீட்டர் ஓடும்போது குழாய்ப் பெட்டி வெளியைவிட 8 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கிறது என்றால், வெளியே மைனஸ் 5 டிகிரி வரை அச்சமில்லை என்பதும், மைனஸ் 8 டிகிரியில் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள் என்பதும் தெளிவாகிவிடும். பிறர் சொல்லும் பொதுவான எண்ணைவிட இந்த எண்ணே நம்பத்தக்கது.

விற்பனையின்போது வண்டியின் மேல் ஒட்டப்படும் ‘எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது’ என்ற சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். அதற்கு உலகம் முழுவதும் பொதுவான ஒரு வரையறை கிடையாது. ஐரோப்பியத் தரமான இஎன் 1646 மட்டும் ஓரளவு தெளிவாகப் பேசுகிறது: அதன் மூன்றாம் நிலையைப் பெற, மைனஸ் 15 டிகிரிக் குளிரில் ஊறிய வண்டி 4 மணி நேரத்துக்குள் சராசரியாக 20 டிகிரி உள் வெப்பத்தை எட்ட வேண்டும், அதன் பின் தண்ணீர் அமைப்பும் இயங்க வேண்டும். அந்தச் சோதனைகூட ஹீட்டர் ஓடிக்கொண்டு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் வண்டிக்கானதே தவிர, பனிக்காற்றில் நெடுஞ்சாலையில் விரையும் வண்டிக்கானதன்று.

தண்ணீரோடு போவதா, காலியாகப் போவதா?

இந்த முடிவை வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிட வேண்டும். இரவில் சில மணி நேரம் மட்டும் சுழியத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிப் பகலில் மீண்டும் மேலேறும் வானிலையில், ஹீட்டர் சரியாக இயங்கும் எந்த வண்டியும் தண்ணீரோடு தாராளமாகப் போகலாம். இரவில் மைனஸ் 5 அல்லது அதற்கும் கீழே போகும், பகலிலும் சுழியத்தைத் தாண்டாது என்றால், தொட்டிகளும் குழாய்களும் வெப்பமூட்டப்பட்ட பகுதிக்குள் அமைந்த வண்டிகளுக்கே அது பாதுகாப்பு. மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே பல நாட்கள் தங்கப் போகிறீர்கள் என்றால், அதற்கென்றே கட்டப்பட்ட வண்டி இல்லாத நிலையில், அமைப்பைக் காலி செய்துவிட்டுக் கேன்களில் தண்ணீர் எடுத்துச் செல்வதே அறிவுடைமை. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் போதும். கழிப்பறையைக் கழுவுவதற்கு, குழாய்களில் ஊற்றும் அதே உறைதடுப்பு திரவத்தைச் சிறிது சிறிதாகப் பயன்படுத்தலாம். இதில் வசதி குறைவுதான், ஆனால் கவலை அறவே இல்லை.

வானிலை அறிக்கையைப் படிக்கும்போது உயரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. பள்ளத்தாக்கிலுள்ள ஊரில் 3 டிகிரி என்று அறிவித்திருந்தால், அதிலிருந்து 1,000 மீட்டர் உயரத்திலுள்ள மலைக்கணவாயில் மைனஸ் 3 அல்லது 4 டிகிரி இருக்கும். காற்றின் வேகம் குழாயைக் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. ஆனால் அந்த வெப்பநிலைக்கு மிக விரைவாகக் கொண்டுபோய்விடும்.

காப்புறை தாமதப்படுத்தும், வெப்பமே காக்கும்

குழாயைச் சுற்றும் நுரையுறை குழாய்க்கு வெப்பம் தருவதில்லை. இருக்கும் வெப்பம் வெளியேறுவதை மட்டுமே மெதுவாக்குகிறது. குளிர் போதுமான நேரம் நீடித்தால், எவ்வளவு தடித்த உறைக்குள் இருந்தாலும் அசையாத தண்ணீர் உறைந்தே தீரும். ஆகவே காப்புறையை நம்பி வெப்பத்தைக் குறைக்கும் பழக்கம் கூடாது.

பல வண்டிகளில் எரிவாயு ஹீட்டரின் காற்றுக் குழாய்களில் ஒன்று தரைக்கு அடியிலுள்ள தொட்டிப் பகுதிக்கும் போகும்படி அமைத்திருப்பார்கள். இங்கேதான் பலர் அறியாத ஒரு சிக்கல் இருக்கிறது. முகாமில் மின்சாரம் கிடைக்கிறது, எரிவாயுவை மிச்சப்படுத்தலாம் என்று எண்ணிச் சிறிய மின் ஹீட்டர் ஒன்றை அறைக்குள் வைத்துவிடுகிறார்கள். அறை இதமாக இருப்பதால் தெர்மோஸ்டாட் எரிவாயு ஹீட்டரை இயக்குவதே இல்லை; அதனால் தரைக்கு அடியில் வெப்பக் காற்றும் போவதில்லை. மேலே மனிதர்கள் 21 டிகிரியில் உறங்கிக்கொண்டிருக்க, கீழே பம்ப் உறைந்துகொண்டிருக்கும். மின் ஹீட்டரைத் துணையாகப் பயன்படுத்துவதில் தவறில்லை; ஆனால் எரிவாயு ஹீட்டர் இரவு முழுவதும் அவ்வப்போது ஓடும்படி மின் ஹீட்டரின் அளவைக் குறைத்து வையுங்கள். குழாய்ப் பெட்டியிலுள்ள வெப்பமானி 4 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மின் ஹீட்டரை அணைத்துவிடுங்கள்.

எரிவாயுவைப் பொறுத்தவரை, சிலிண்டரில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். பியூட்டேன் ஏறத்தாழ மைனஸ் 0.5 டிகிரியில்தான் கொதித்து வாயுவாகிறது. அதற்குக் கீழே சிலிண்டர் நிறைந்திருந்தாலும் அடுப்புக்கும் ஹீட்டருக்கும் வாயு வராது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை வாயுவாகும். இரண்டும் கலந்த எரிவாயு விற்கப்படும் இடங்களில், பனிக்காலத்துக்குப் புரொப்பேன் மிகுந்த கலவையையே கேட்டு வாங்க வேண்டும்.

ஹீட்டர் எரிவாயுவில் எரிந்தாலும் அதன் விசிறி பேட்டரியில்தான் ஓடுகிறது. ஈய அமில பேட்டரி குளிரில் தன் கொள்ளளவில் ஒரு பகுதியை இழக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைச் சுழியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகச் சேதமடையும். இரவில் பேட்டரி தீர்ந்துபோனால் விசிறி நிற்கும், ஹீட்டர் அணையும், விடிவதற்குள் குழாய்கள் உறையும். மின் இணைப்பில்லாத இடத்தில் தங்குவதாக இருந்தால், மாலையிலேயே பேட்டரியின் நிலையைப் பார்த்துவிட்டுப் படுக்கச் செல்லுங்கள்.

தொட்டிகளின் அடியில் ஒட்டும் 12 வோல்ட் வெப்பத் தகடுகள் நல்ல துணை. தொட்டி குளிர்ந்தால் தாமாக இயங்கி, போதிய வெப்பம் வந்ததும் தாமாக நிற்கும் வகையே வேண்டும். அவை மின்சாரத்தை மிகுதியாக எடுப்பதால், வண்டி ஓடும்போதும் வெளி மின்சாரம் இருக்கும்போதும் மட்டும் நம்பலாம். தண்ணீரே இல்லாத தொட்டிக்கு அவற்றை இயக்கக் கூடாது.

வண்டியின் அடிப்பகுதியைச் சுற்றித் திரைபோல் மறைப்புக் கட்டினால் காற்று உள்ளே புகாமல் தடுத்துவிடலாம். ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் தங்குபவர்களுக்கு இது பெரிதும் பயன் தரும். ஆனால் ஹீட்டரின் புகைபோக்கியை அந்த மறைப்போ குவியும் பனியோ அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடைந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே பரவும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வேலை செய்யும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் பனிக்காலப் பயணத்தைத் தொடங்கவே கூடாது. சமையல் அடுப்பை அறை வெப்பத்துக்காக எரிய விடுவதும் கூடாது.

தண்ணீர் பிடிப்பதும் ஹோஸும்

வெளிக்குழாயிலிருந்து ஹோஸ் வழியாக இரவு முழுவதும் தண்ணீரை இணைத்து வைக்கும் பழக்கத்தைப் பனிக்காலத்தில் விட்டுவிடுங்கள். பகலில் நன்னீர்த் தொட்டியை நிரப்பி, ஹோஸைக் கழற்றி, அதிலுள்ள தண்ணீரை முழுவதும் வடித்துச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, வண்டியின் பம்பைக் கொண்டே தண்ணீரைப் பயன்படுத்துங்கள். இந்த ஒரு மாற்றமே பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும். முகாம்களில் காணும் உறையாத வகைக் குழாய்கள், மூடியதும் உள்ளே மிஞ்சும் தண்ணீரை மண்ணுக்கு அடியில் வடித்துவிடுவதால்தான் உறையாமல் இருக்கின்றன. ஹோஸை மாட்டியே வைத்திருந்தால் அந்த வடிகால் சரியாக நடக்காது, குழாயும் உறைந்து உடையும்.

நேரடி இணைப்பு தவிர்க்க முடியாதது என்றால், குடிநீருக்கென்றே தயாரிக்கப்பட்ட வெப்ப ஹோஸை வாங்குங்கள். சாதாரண ஹோஸைச் சுற்றி நீங்களே வெப்பக் கேபிளைச் சுற்றுவதாக இருந்தால், அந்தக் கேபிள் பிளாஸ்டிக் குழாய்க்கு ஏற்றதா என்று பார்ப்பதும், மின்கசிவைத் துண்டிக்கும் பாதுகாப்புள்ள பிளக்கில் மட்டும் செருகுவதும் கட்டாயம். வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தாத கேபிளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் அது எரிந்துவிடும்.

தொட்டியை நிறைத்து வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. 100 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து சுழியத்துக்கு இறங்குவதற்குள் ஏறத்தாழ 1.16 கிலோவாட் மணி வெப்பத்தை வெளியிட வேண்டும். அதன் பின் முழுவதும் உறைவதற்கு அதைப்போல் 8 மடங்கு வெப்பத்தை இழக்க வேண்டும். ஆகவே நிறைந்த தொட்டி எளிதில் உறையாது. அடியில் சிறிதளவு தண்ணீர் மட்டும் உள்ள தொட்டி விரைவில் உறைந்துவிடும். அந்த 100 லிட்டருக்கு 100 கிலோ எடை உண்டு என்பதையும், வண்டியின் சுமைவரம்பையும் மறந்துவிடாதீர்கள்.

கழிவுநீர்த் தொட்டிகள்

கழுவுநீர்த் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிட்டால், ஒவ்வொரு முறை கை கழுவும்போதும் மெல்லிய ஓடையாகத் தண்ணீர் ஹோஸுக்குள் இறங்கி, அங்கேயே உறைந்து, அடுக்கடுக்காகப் பனி அணை கட்டிவிடும். கழுவுநீர்த் தொட்டி, கழிப்பறைக் கழிவுத் தொட்டி இரண்டின் வால்வுகளையும் மூடி வைத்து, ஓரளவு நிரம்பியபின் ஒரே மூச்சில் காலி செய்யுங்கள். காலி செய்தவுடன் ஹோஸைக் கழற்றி வடித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் உறைதடுப்பு திரவத்தைச் சிறிது ஊற்றினால், வால்வுக்கு அருகில் தங்கும் தண்ணீர் கெட்டிப்படாது. உப்பைப் போடலாம் என்று சிலர் சொல்வதுண்டு; அது உலோகப் பகுதிகளை அரிக்கும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். வால்வு உறைந்து அசையாமல் நின்றால் கைப்பிடியை வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள். ஹேர் டிரையரின் சூட்டைக் காட்டினால் அது தானே இளகும்.

வண்டி ஓடும்போது

ஓட்டுநர் பகுதியின் ஹீட்டர் முன்பகுதியை மட்டுமே சூடாக்குகிறது. பின்பகுதியிலும் தரைக்கு அடியிலும் குளிர்க்காற்று வேகமாக அடிக்கிறது. பல மணி நேரப் பயணத்தில் இதனாலேயே குழாய்கள் உறைகின்றன. ஓடும்போது எரிவாயு ஹீட்டரை இயக்கலாமா என்பது உங்கள் வண்டியின் அமைப்பையும் நாட்டின் சட்டத்தையும் பொறுத்தது. மோதல் ஏற்பட்டால் எரிவாயுவைத் தானே நிறுத்தும் சாதனம் பொருத்தியிருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய நாடுகளின் விதி. கப்பலில் ஏற்றும்போதும், பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையும்போதும், சில சுரங்கப்பாதைகளிலும் எரிவாயுவை மூடியே ஆக வேண்டும். ஹீட்டரை இயக்க முடியாதவர்கள், கிளம்புவதற்கு முன் உள்ளே நன்கு சூடேற்றிவிட்டு, பம்பை அணைத்து, டேப்புகளைத் திறந்து அழுத்தத்தைப் போக்கிய பின் புறப்படுவது நல்லது.

இரவுக்கான ஏற்பாடு எளிது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் கைகழுவும் தொட்டிக்கும் கீழேயுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். பம்பின் சுவிட்சை அணைத்து, குளிர்நீர் டேப்பையும் வெந்நீர் டேப்பையும் ஒருமுறை திறந்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். மிகக் கடுமையான குளிர் என்றால் திறந்தே விட்டுவிடுங்கள்.

அமைப்பை முழுவதும் காலி செய்யும் முறை

பயணத்தின் நடுவிலும் இது தேவைப்படலாம் என்பதால், மிதமான வானிலையிலேயே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

1. வாட்டர் ஹீட்டரின் எரிவாயு, மின்சாரம் இரண்டையும் அணைத்து, தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். ஒரு வெந்நீர் டேப்பைத் திறந்து அழுத்தத்தைப் போக்கிய பிறகே அதன் வடிகால் திருகைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கொதிநீர் மேலே பீறிட்டு அடிக்கும். ட்ரூமா போன்ற சில ஹீட்டர்களில், வெப்பநிலை ஏறத்தாழ 3 டிகிரிக்கு இறங்கியதும் தானே திறந்து தண்ணீரை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு உண்டு. அது திறந்துவிட்டால் அப்பகுதி சூடேறும்வரை மீண்டும் மூட முடியாது.

2. நன்னீர்த் தொட்டியின் வடிகாலையும், தாழ்வான இடத்திலுள்ள வெந்நீர், குளிர்நீர் வடிகால்களையும் திறங்கள். எல்லா டேப்புகளையும், வெளிப்புற ஷவரையும் திறந்து, ஷவர் தலையைத் தரையில் தாழ்த்திப் போடுங்கள். வடிகட்டியைக் கழற்றிக் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். கழிப்பறையின் மிதியை அழுத்தி வைத்திருங்கள்.

3. பம்பைச் சில விநாடிகள் ஓட விட்டு, அதன் உள்ளே மிஞ்சிய தண்ணீரை வெளியேற்றுங்கள். வெளிக்குழாய் இணைப்பு வாயின் சல்லடையை எடுத்து, உள்ளேயுள்ள சிறிய முனையை அழுத்தினால் அங்கே தங்கியிருக்கும் தண்ணீரும் வழிந்துவிடும். பலர் தவறவிடும் இடம் இதுதான்.

4. காற்றழுத்தக் கருவி இருந்தால், 2 முதல் 2.5 பார் அழுத்தத்துக்கு மேல் போகாமல், டேப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து தண்ணீரை ஊதித் தள்ளுங்கள்.

5. திறந்த வடிகால்களையும் டேப்புகளையும் மூடி, வாட்டர் ஹீட்டரைப் பைபாஸ் வால்வு மூலம் விலக்கிவிட்டு, பம்பின் உறிஞ்சுகுழாயை உறைதடுப்பு திரவக் கேனுக்குள் விட்டு, பம்புக்கு அருகிலுள்ள டேப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றிலும் அந்த வண்ணத் திரவம் வரும்வரை திறந்து மூடுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 8 முதல் 12 லிட்டர் போதும். கடைசியில் ஒவ்வொரு வடிகால் வாயிலும் ஒரு கோப்பை அளவு ஊற்றினால், வளைகுழாயில் நிற்கும் தண்ணீரும் காக்கப்படும்.

திரவத்தைத் தேர்ந்தெடுப்பதில் சிறிதும் கவனக்குறைவு கூடாது. குடிநீர்க் குழாய்களுக்கு உரியது புரொப்பிலீன் கிளைக்கால். என்ஜின் குளிர்விப்பானில் பயன்படும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அது எந்தச் சூழலிலும் தண்ணீர்க் குழாய்க்குள் போகக் கூடாது. கேனின் மேல் மைனஸ் 45 டிகிரி என்று அச்சிட்டிருப்பது குழாய் வெடிக்காது என்பதற்கான அளவு. திரவம் அதற்கு வெகு முன்பே கூழாகத் தொடங்கிவிடும். வெறும் தண்ணீர் கலந்தாலும் அதன் வலிமை குறையும் என்பதால், முந்தைய படிகளில் நன்றாக வடித்திருக்க வேண்டும்.

மீண்டும் தண்ணீர் நிரப்பும்போது, எல்லாக் குழாய்களையும் நன்கு அலசிய பின், ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிலிட்டர் வீதம் மணமற்ற வீட்டு ப்ளீச்சைக் கலந்து, டேப்புகள் வரை ஓடச் செய்து, 12 மணி நேரம் விட்டு, வாடை போகும்வரை கழுவுங்கள். வாட்டர் ஹீட்டரில் தண்ணீர் நிறைந்ததை உறுதி செய்த பிறகே அதை இயக்குங்கள். காலியாக இயக்கினால் அதன் மின் சுருள் எரிந்துபோகும்.

உறைந்தே போய்விட்டால்

டேப்பைத் திறந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் பம்பை அணையுங்கள். ஒரு டேப்பில் மட்டும் வரவில்லை என்றால் அதற்குப் போகும் கிளைக்குழாயில் அடைப்பு. எங்குமே வரவில்லை என்றால் பம்பிலோ, தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயிலோ அடைப்பு. டேப்புகளைத் திறந்து வைத்து, அறையின் வெப்பத்தைக் கூட்டி, அலமாரிகளைத் திறந்து, ஹேர் டிரையரால் டேப்பின் பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி மெதுவாக நகருங்கள். அப்போதுதான் உருகும் தண்ணீர் வெளியேற வழி கிடைக்கும். தீச்சுடரையோ கொதிநீரையோ பயன்படுத்தக் கூடாது. பிளாஸ்டிக் இணைப்புகள் அதைத் தாங்காது.

பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருக்கும்வரை விரிசல் வெளியே தெரியாது. உருகிய பிறகுதான் ஒழுகத் தொடங்கும். எனவே தண்ணீர் வந்ததும் நிம்மதியடைந்துவிடாமல், எல்லா டேப்புகளையும் மூடிப் பம்பை இயக்கி, அழுத்தம் ஏறி அது நிற்கும்வரை காத்திருங்கள். அதன் பிறகு அரை மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாதிருக்கும்போதே பம்ப் மீண்டும் சில விநாடிகள் ஓடி நிற்கிறது என்றால், எங்கோ கசிவு இருக்கிறது. உலர்ந்த காகிதத் துண்டை ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் ஒற்றிப் பாருங்கள். பம்பின் தலை, வடிகட்டி, கழிப்பறை வால்வு, வெளிப்புற ஷவர் என்ற வரிசையில் தேடினால் இடம் விரைவில் அகப்படும். அந்தப் பகுதியை மாற்றும்வரை பம்பை அணைத்து வைத்து, கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.